சைலன்சரைத் தாங்குவது எது?

படகு எஞ்சினுக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு சைலன்சர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எது சத்தத்தை நன்றாகக் குறைக்கும்? கடைக்காரரும் பெரிய டப்பாவாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைப்பார். டப்பாவுக்குள் எத்தனை அறை, எத்தனை துளைக்குழாய், என்ன தகடு என்று பேச்சு நீளும். அந்த டப்பா எதன்மேல் உட்காரப் போகிறது, எந்த போல்ட் அதைப் பிடிக்கும், எஞ்சின் குலுங்கும்போது அதுவும் குலுங்குமா, குலுங்காமல் நிற்குமா என்பதெல்லாம் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதலில் பிடிமானத்தை முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பிடிமானம் தாங்கக்கூடிய சைலன்சரை அதன் பிறகுதான் தேட வேண்டும். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள காட்டூர் போன்ற ஊர்களின் படகுகளுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அங்கே உப்பும் குலுக்கலும் ஆழமில்லாத நீரும் சேர்ந்து, தரையில் ஓடும் வண்டிக்குச் சொன்ன கணக்குகளில் பாதியைச் செல்லாமல் ஆக்கிவிடுகின்றன.

இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரிப் பக்கம் வருகிறது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கும் ஆழம்தான். ஏரிக்குள் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் வலை போடுவதைப் பாடு முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. அந்த வேலைக்குக் கோலும் துடுப்பும் பாயும் போதும். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகவும், வெயில் ஏறுமுன் மீனைக் கரைசேர்க்கவும்தான் எஞ்சின் தேவைப்படுகிறது. கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்த கதை இந்தக் கரை முழுவதற்கும் பொது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையிலேயே ஏறி இறங்கக்கூடிய டீசல் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை வேகப்படுத்தின. இந்தப் படகுகளில் பரவலாக ஏறியது காற்றால் குளிரும் சிறிய டீசல் எஞ்சின். நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் லாங்டெயில் அமைப்போடு அது வரும்போது, தண்டைப் பிடித்திருப்பவரின் காதுக்கும் புகைக்குழாயின் வாய்க்கும் நடுவே இருப்பது ஒரு கை நீளம்தான்.

அந்தக் கை நீளத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கால் பார்க்கலாம். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், வினாடிக்கு 25 முறை அதன் வெளியேற்று வால்வு திறந்து, அழுத்தமும் சூடும் கொண்ட புகையை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு திறப்பும் ஒரு சிறு வெடி. ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் இதைவிடத் தளர்வானவை. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. ஆனால் மீன்பிடிப் படகு தொழிற்சாலை இல்லை. கரையில் நிற்கும் டீசல் ஜெனரேட்டர் ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000களின் தொடக்கத்திலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. சாலையில் ஓடும் வண்டிக்கு சைலன்சர் கட்டாயம். அதே வகை டீசல் எஞ்சின் படகில் ஏறியதும், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய பொறுப்பு அவர் தலையிலேயே விழுகிறது. செவித்திறன் ஒரே நாளில் போவதில்லை. முதலில் உயர்ந்த ஒலிகள் மங்கும், பிறகு கூட்டத்தில் பேச்சுப் பிரியாது. வயதாகிவிட்டது என்று அதை ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம்.

சைலன்சரைப் பற்றிப் பேசும்போது பிடிமானத்துக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதற்கு, முதலில் சற்றே தொலைவிலிருந்து ஒரு சான்று. துப்பாக்கிக்கான சைலன்சரை விற்பனைக்குரிய பொருளாக்கியவர் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன். 1909 மார்ச் 30 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தச் சாதனத்தை வாங்க முடிகிற நாடுகளில் வாங்குபவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது உருளையை அல்ல, குழலின் நுனியில் வெட்டிய மரையை. அங்குலத்துக்கு 28 மரையா, 24 மரையா, அல்லது மெட்ரிக் மரையா என்பது பொருந்தியாக வேண்டும். அதைவிட முக்கியம், அந்த மரை குழலின் துளையோடு ஒரே நேர்க்கோட்டில் வெட்டப்பட்டிருப்பது. கணக்கு எளிது: 18 சென்டிமீட்டர் நீள உருளை ஒரு டிகிரி சாய்ந்து உட்கார்ந்தால், மறுமுனை 3 மில்லிமீட்டர் விலகிவிடும். உள்ளே தகடுகளின் துளைக்கும் குண்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. குண்டு தகட்டில் மோதி உருளையே பிளக்கும். எவ்வளவு விலையுயர்ந்த உருளையானாலும் சாய்ந்த மரையின்மேல் அது வெறும் ஆபத்துதான். (நம் நாட்டில் இதை ஒரு துணைப்பொருள் என்று எண்ணி யாரும் வாங்கிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, சுடும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் உறுப்பையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.) மாக்சிமின் நிறுவனம் பிற்காலத்தில் எஞ்சின்களுக்கும் ஆலை இயந்திரங்களுக்குமான சைலன்சர்களின் பக்கம் திரும்பியது. படகு எஞ்சினின் புகைக்குழாய் வழியே குண்டு எதுவும் போவதில்லை. ஆகவே ஒரு டிகிரி சாய்வால் உயிர் போகாது. அங்கே பிடிமானத்துக்கு வேறு மூன்று எதிரிகள்: குலுக்கல், சூடு, உப்பு.

குலுக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான சைலன்சர்களை உடைப்பது அதுதான். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஈடுசெய்ய இன்னொரு பிஸ்டன் கிடையாது. 3,000 சுற்றில் வினாடிக்கு 50 முறை அந்த எஞ்சின் அதிர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 முறை. கடலுக்குப் போய்த் திரும்பும் ஒரே பயணத்தில் பல லட்சம் அதிர்வுகளை ஒரு வெல்டிங் தாங்கியாக வேண்டும். எஞ்சினின் வாயிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு 3 கிலோ சைலன்சர் வேறெந்தத் தாங்கலும் இல்லாமல் தொங்கினால், அத்தனை அதிர்வும் எஞ்சின் வாயில் முடுக்கும் தகடான ஃபிளாஞ்சும் குழாயும் சேரும் அந்த ஒரு வளைய வெல்டிங்கில் போய் நிற்கும். அங்கேதான் முதல் மயிரிழை விரிசல் விழும். விரிசல் விழுந்த இடத்திலிருந்து புகை சீறத் தொடங்கினால், சைலன்சர் இல்லாதபோது இருந்ததைவிடக் காதுக்குப் பக்கத்தில் சத்தம் வரும். அப்போது பட்டறையில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம், மறுமுனையை ஒரு இரும்புப் பட்டையால் படகின் பக்கச்சுவரோடு கட்டுவது. அதனால் சிக்கல் கூடத்தான் செய்யும். ஒரு முனை அதிரும் எஞ்சினில், மறுமுனை அசையாத படகில். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை. எஞ்சின் அசையும் ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் குழாய் வளைந்து நிமிர வேண்டியிருக்கிறது. பட்டை பிடித்தால் ஃபிளாஞ்ச் உடையும். ஃபிளாஞ்ச் பிடித்தால் பட்டை ஃபைபர் சுவரைக் கிழித்துக்கொண்டு வரும்.

ஆகவே முதல் முடிவு இது: சைலன்சர் எஞ்சினைச் சேர்ந்ததா, படகைச் சேர்ந்ததா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். லாங்டெயில் எஞ்சின் என்றால் விடை தானாகவே வந்துவிடுகிறது. அந்த எஞ்சின் ஒரு முளையின்மேல் முழுதாகத் திரும்பும், சாயும். ஆழம் குறைந்த இடத்தில் தண்டை நீருக்கு மேலே தூக்கும்போது எஞ்சின் மறுபக்கம் கவிழும். படகோடு எதையும் கட்டவே வழியில்லை. சைலன்சர் முழுவதும் எஞ்சினின் உடம்போடு ஒட்டி, அதோடு சேர்ந்தே ஆட வேண்டும். இதற்கு இரண்டு பிடிமானங்கள் வேண்டும்: வாயில் ஃபிளாஞ்ச், சைலன்சரின் எடை மையத்துக்குக் கீழே எஞ்சின் பிளாக்கிலிருந்தோ அதன் அடித்தட்டிலிருந்தோ எழும் ஒரு தடித்த பிராக்கெட். சைலன்சரின் எடையைச் சுமப்பது பிராக்கெட்டின் வேலை. கசியாமல் மூடுவது மட்டுமே ஃபிளாஞ்சின் வேலை. இந்த வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தால் சாதாரண டப்பாவும் நீண்ட நாள் உழைக்கும். பிராக்கெட்டைத் தட்டைப் பட்டையில் செய்யாமல் ‘எல்’ வடிவக் கோண இரும்பில், குறுக்கே ஒரு முக்கோணத் தகடு வைத்துச் செய்வது நல்லது. தட்டைப் பட்டை தானே அதிர்ந்து, எஞ்சின் சொல்லாத குலுக்கலையும் சேர்த்துக் கொடுக்கும். எஞ்சினைச் செய்த நிறுவனம் பிளாக்கில் வைத்திருக்கும் மரைத்துளைகளை மட்டுமே இதற்குப் பயன்படுத்த வேண்டும். குளிர்விக்கும் செட்டைகளின்மேல் கிளாம்ப் போட்டுப் பிடிப்பதும், ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தி அதன் அடியில் பட்டையைச் செருகுவதும் எஞ்சினையே கெடுக்கும் வேலைகள்.

படகின் உள்ளே நிலையாகப் பொருத்திய எஞ்சின் என்றால் கதை வேறு. அங்கே எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் நின்று குலுங்கலாம். புகைக்குழாய் நீளமாகப் படகின் ஓரம் வரை போக வேண்டியிருக்கலாம். சைலன்சர் படகைச் சேர்ந்ததாகிறது. அப்படியானால் எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நெளியும் எவர்சில்வர் பெல்லோஸ் ஒன்று கட்டாயம். அது எஞ்சினுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தள்ளிப் போகப் போக நடுவில் உள்ள குழாயின் எடை எஞ்சின் வாயில் ஏறும். பெல்லோஸ் நீளவாட்டில் சுருங்கி விரியும், பக்கவாட்டில் கொஞ்சம் வளையும். முறுக்கினால் மட்டும் தாங்காது. பொருத்தும்போது துளைகள் சேரவில்லை என்று ஃபிளாஞ்சைத் திருப்பி இழுத்து போல்ட் போட்டால், அந்த முறுக்கு உள்ளேயே தங்கி, சில வாரங்களில் மடிப்பின் அடியில் பிளக்கும். ஒரு பக்கம் சுற்றிச் சுழலும் ஃபிளாஞ்ச் உள்ள பெல்லோஸ் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதன்மேல் சைலன்சரைத் தொங்கவிடவும் கூடாது. இந்த இடத்தில்தான் சூட்டின் கணக்கும் வருகிறது. முழு வேகத்தில் டீசல் புகை எஞ்சின் வாயில் 400 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஒரு மீட்டர் சாதா இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். எவர்சில்வர் குழாய் 7 மில்லிமீட்டர். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் இந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே ஒரு தாங்கல் உறுதியாகவும், மற்றொன்று முன்னும் பின்னும் நகர இடம்கொடுக்கும் நீள்துளையோடும் இருக்க வேண்டும். படகின் ஃபைபர் சுவரில் பிராக்கெட்டை மரையாணியால் நேரே முடுக்கக் கூடாது. மறுபக்கம் அகலமான தகடு வைத்து போல்ட் போட்டு, துளையின் விளிம்பைப் பிசினால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் அந்தத் துளை வழியே உள்ளடுக்குகளுக்குள் ஊறும். படகு கட்டும் சாதாரணப் பாலியெஸ்டர் பிசின் 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும் என்பதால், சூடான குழாய்க்கும் சுவருக்கும் இடையே காற்று ஓட இடைவெளி வேண்டும்.

ஃபிளாஞ்சைப் பற்றி இன்னும் கொஞ்சம். வெல்டிங் சூட்டில் தகடு வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைக் கசியவிடும். குழாயை வெல்டிங் வைத்த பிறகு ஃபிளாஞ்சின் முகத்தை லேத்தில் ஒருமுறை சீவித்தரச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் நுழையக் கூடாது. வளையும் ஆபத்தைக் குறைக்க, குழாயின் தகட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமனான ஃபிளாஞ்ச் வேண்டும். கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழையது ஒருமுறை நசுங்கிவிட்டால் மீண்டும் எழாது. ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை வெட்டிப் போடும் பழக்கம் கைவிட வேண்டிய ஒன்று, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. உலோகம் பதித்த கிராஃபைட் கேஸ்கெட் எளிதாகக் கிடைக்கிறது. ஃபிளாஞ்சைப் பிடிக்கும் ஸ்டட்டுகளுக்கு எஞ்சின் நிறுவனம் சொன்ன தரத்தையே வைத்துக்கொள்வது நல்லது. துருப்பிடிக்காதே என்று எவர்சில்வர் ஸ்டட்டை அலுமினிய ஹெட்டில் முடுக்கினால், உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். ஒருநாள் ஸ்டட்டோடு மரையும் பிடுங்கிக்கொண்டு வரும். நட்டு பித்தளையாக இருந்தால் சூட்டில் ஒட்டிக்கொள்ளாது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் இந்தச் சூட்டில் தன் விறைப்பை இழந்துவிடும் என்பதால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இனி உப்பு. சைலன்சர் வாங்குகிறவர்கள் அதிகம் செலவழிப்பது இங்கேதான். தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள் என்பது என் கருத்து. புகையில் நீராவியும் கந்தகமும் உண்டு. எஞ்சின் நின்றதும் அவை உள்ளே குளிர்ந்து அமிலத்துளியாகத் தங்கும். வெளியே உப்புத்தண்ணீர் தெறிக்கும். சாதாரண 304 ரக எவர்சில்வர்கூடச் சூடும் உப்பும் சேர்ந்தால் குழிகுழியாக அரிபடும். 316 ரகம் மேல், ஆனால் விலை ஏறும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் புகைக்குழாயாக்குவது இன்னும் மோசம்: துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும், அதை வெல்டிங் வைக்கும்போது எழும் புகை வெல்டருக்குக் காய்ச்சல் வரவழைக்கும். என்ன செய்தாலும் சைலன்சர் டப்பா ஒருநாள் ஓட்டையாகத்தான் போகிறது. அது தேய்ந்து மாற்றும் பொருள். ஃபிளாஞ்சும் பிராக்கெட்டும் பெல்லோஸும் தங்கும் பொருள்கள். ஆகவே நல்ல உலோகத்தையும் நல்ல வேலையையும் தங்குவதில் போட்டு, டப்பாவைத் தடித்த சாதா இரும்பில், கட்டர் வைத்து அறுக்காமல் நான்கு நட்டைக் கழற்றி மாற்றும்படி வைத்துக்கொள்வதே சிக்கனம். டப்பாவை நேரடியாக எஞ்சின் குழாயோடு வெல்டிங் வைத்துவிட்டால், ஓட்டையான டப்பாவோடு நல்ல குழாயும் குப்பைக்குப் போகும். புகைக்குழாயைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டைகள் கையைச் சுடாமல் காக்கும். ஆனால் உப்புத்தண்ணீரை உறிஞ்சி வைத்து உலோகத்தை அழிக்கும். துளைகள் உள்ள தகட்டுக் காப்பு போதும்.

வெளியேறும் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் பிடிமானத்தோடு சேர்ந்த முடிவுதான். முகத்துவாரத்தில் அலை பின்னாலிருந்து ஏறும். வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் மழையும் அலையும் உள்ளே போகும். எஞ்சின் நின்றிருக்கும்போது சிலிண்டருக்குள் நீர் புகுந்து, அடுத்த நாள் கிக்கர் சுற்றினால், நீர் நசுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். வாய் ஆளுக்கு எதிர்ப்பக்கம், சற்றே கீழ்நோக்கிச் சரிந்து, சைலன்சரின் அடிப்பகுதியில் சிறு வடிகால் துளையோடு இருப்பது போதுமான காப்பு. லாங்டெயிலில் தண்டைத் தூக்கும்போது எஞ்சின் சாய்வதால் வாய் எந்த நிலைக்குப் போகிறது என்பதைக் கரையில் வைத்தே சாய்த்துப் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சைலன்சர் போட்டால் எஞ்சின் இழுக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. புகை வெளியேற முட்டுக்கட்டை கூடினால் எஞ்சின் மூச்சு முட்டும். சக்தி குறையும், டீசல் கூடும், புகை கறுக்கும், வால்வு வேகும். ஆனால் பல இடங்களில் இந்தக் குற்றத்தைச் செய்தது டப்பாவா, அதைப் பொருத்திய விதமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் வாயைவிடச் சின்னக் குழாய், கூர்மையாக ஒடித்த வளைவு, ஃபிளாஞ்சின் துளைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கேஸ்கெட், உள்ளே வழிந்து உறைந்த வெல்டிங் கசடு எல்லாமே முட்டுக்கட்டைகள். குழாயின் உள்விட்டம் எஞ்சின் வாயின் விட்டத்துக்குக் குறையாமல், வளைவுகள் பெரிய வட்டமாக, சேரும் இடங்கள் உள்ளே வழவழப்பாக இருந்தால், எஞ்சின் நிறுவனம் கையேட்டில் அனுமதிக்கும் அழுத்தத்துக்குள் சைலன்சரை அடக்கிவிடலாம். வெறும் குழாயோடு ஓடும் எஞ்சின் சத்தமாக இருப்பதால் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் உண்டு. கரையிலிருந்து ஒரு குறியை வைத்துக்கொண்டு கைபேசியில் வேகத்தை அளந்து பார்ப்பதே இந்தச் சண்டையைத் தீர்க்கும் வழி.

எஞ்சினின் உடல்நிலையைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்று சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு வால்வு இடைவெளி கூடியதும் இன்ஜெக்டர் சொட்டுவதும் காதில் விழும். ஆனால் அந்தக் குறிகளெல்லாம் எஞ்சினின் உடம்பிலிருந்து வருபவை. புகைக்குழாயின் வெடிச்சத்தம் அவற்றை மூடுகிறது. சைலன்சர் போட்ட பிறகு எஞ்சினின் தட்டல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். புதிதாகப் போட்டவர்கள் எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்படுவதும் இதனால்தான். முகத்துவாரத்தில் மணல் திட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அணியத்தில் நிற்பவர் கத்துவது பின்னால் தண்டைப் பிடித்திருப்பவருக்குக் கேட்பதும் பாதுகாப்புக் கணக்கில் வர வேண்டிய ஒன்று.

வலுவான மறுப்பு வேறொன்று: காற்றால் குளிரும் எஞ்சினில் குளிர்விக்கும் விசிறியும் செட்டைகளும் பிளாக்கும் தாமே இரைகின்றன, புகைக்குழாயை மட்டும் அடக்கி என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். புகைக்குழாய் 100 டெசிபல், எஞ்சின் உடம்பு 95 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 101. நல்ல சைலன்சர் புகைக்குழாயின் சத்தத்தை 20 டெசிபல் குறைத்துவிட்டாலும் காதில் விழுவது 95தான்; மிச்சம் பிடித்தது 6 மட்டும். ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் முன்சொன்ன அளவுகோலின்படி, 101 டெசிபலில் ஒருவர் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய 12 நிமிடம். 95இல் 48 நிமிடம். நான்கு மடங்கு. கடல் போய்வரும் நேரத்துக்கு அதுவும் போதாது என்பதும் உண்மை. மிச்சத்துக்குக் காதடைப்பான் வேண்டும். இதே கணக்கு வாங்குபவருக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எஞ்சின் உடம்பின் சத்தம் அப்படியே இருக்கும்வரை, 20 டெசிபல் குறைக்கும் டப்பாவுக்குப் பதில் இரு மடங்கு விலையில் 30 டெசிபல் குறைக்கும் டப்பாவை வாங்கினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தைப் பிடிமானத்தில் போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. உறுதியான பிராக்கெட் தானே ஒரு சத்த மூலத்தை நிறுத்துகிறது. தளர்ந்த டப்பா எஞ்சின்மேல் தட்டும் சத்தம் எந்த விளம்பரத்திலும் கணக்கில் வராது.

சைலன்சர் போட்டால் மீன் ஓடாது, நிறைய விழும் என்று சொல்லி விற்பவரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. காற்றில் எழும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் நீருக்குள் நுழைகிறது. நீருக்குள் கேட்பது பெரும்பாலும் தண்டின் நுனியில் சுழலும் விசிறியின் சத்தமும், எஞ்சினிலிருந்து படகின் அடித்தட்டு வழியே இறங்கும் அதிர்வும். அதைக் குறைப்பது எஞ்சினின் ரப்பர் தாங்கிகள், சைலன்சர் அல்ல. பறவைகளின் கதை வேறு. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரைகள் குளிர்காலத்தில் ஆழமில்லாத சேற்றில் கூட்டமாக மேய்கின்றன. அவற்றுக்குப் படகின் சத்தம் காற்று வழியேதான் போய்ச் சேரும். அங்கே சைலன்சரால் பயன் இருக்கலாம். ஆனால் அதற்காகச் செலவழிக்க வேண்டியவர் மீனவர்தானா என்பதை அரசு யோசிக்க வேண்டும்.

ஏனெனில் இந்தச் செலவு சிறியதென்று கரையிலிருந்து சொல்வது எளிது. லேத் வேலை, தடித்த ஃபிளாஞ்ச், பெல்லோஸ், பித்தளை நட்டுகள் எல்லாம் சேர்ந்தால், சில படகுகளுக்கு டப்பாவின் விலையைத் தாண்டிவிடும். எஞ்சின் வாங்க அரசு மானியம் தரும்போது, எஞ்சினோடு அதற்குரிய பிராக்கெட்டும் ஃபிளாஞ்சும் சேர்ந்த பொருத்து உறுப்புத் தொகுப்பையும் தரக் கட்டளையிடுவது பெரிய காரியமல்ல. எஞ்சின் நிறுவனத்துக்கு எந்தத் துளையில் எதைப் பிடிக்கலாம் என்பது பட்டறைக்காரரைவிட நன்றாகத் தெரியும். அதுவரை, கடைக்குப் போகுமுன் எஞ்சினின் எண்ணையும், வாயின் விட்டத்தையும், இரண்டு ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கான தூரத்தையும், பிளாக்கில் காலியாக உள்ள மரைத்துளைகளின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். வெளியே தெரியும் விட்டத்தை அளக்காமல் உள்விட்டத்தை அளக்க வேண்டும். பொருத்திய பிறகு எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, ஸ்டட்டுகளை மாறி மாறி மறுபடியும் முடுக்க வேண்டும். முதல் கேஸ்கெட் அந்த ஒரு சூட்டிலேயே கொஞ்சம் அமுங்கிவிடும். பிறகு சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் ஃபிளாஞ்சின் விளிம்பைச் சுற்றித் தடவி, எஞ்சினை மெதுவாக ஓட்டினால், கசிவு இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். கறுப்பு மசி கோடாகப் படிந்திருந்தாலும் அதே பொருள்தான்.